ஒரு தராசும் இரு கணக்கும்

பொருள் ஒன்று, அதனை ஆளும் அதிகாரம் இரண்டு என்ற ஏற்பாட்டில், இருவரும் நேர்மையாளராகவே இருப்பினும் பிழை நேர்வதுண்டு. கணினியின் உள்ளே நிகழும் அத்தகைய பிணக்கு ஒன்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். அதனை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் இடம் வரை சென்றால் போதும்.

இறக்குவானையிலோ, பலாங்கொடையிலோ, எட்டியாந்தோட்டையிலோ, மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துடன் வரிசையாக நிற்கின்றனர் என்று கொள்வோம். கணக்கப்பிள்ளை ஓர் எண்ணை அழைக்கிறார். அவ்வெண்ணுக்குரியவரின் கொழுந்து தராசில் ஏறுகிறது. முள் காட்டும் எடை ஏட்டில் பதியப்படுகிறது. எண்ணை அழைப்பது முதற்செயல். எடையைப் பதிவது இரண்டாம் செயல். இவ்விரண்டுக்கும் இடையே மற்றொரு கணக்கப்பிள்ளை புகுந்து, தமது ஏட்டுக்கென வேறொரு சுமையை அதே தராசில் ஏற்றிவிட்டால் யாது நேரும்? முதலாமவர் 25ஆம் எண்ணுக்கு எதிரே 40ஆம் எண்ணின் எடையை எழுதிவிடுவார். தராசிலே குற்றமில்லை, எழுதியவரிடத்தும் வஞ்சகமில்லை. ஆயினும் முழுப்பேர் கிடைக்க வேண்டிய ஒருத்திக்கு அன்று அரைப்பேர் விழக்கூடும்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியின் நடுச்செயலி, பிற உறுப்புகளோடு துறைகள் எனப்படும் வாயில்களின் வழியே பேசுகிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் வழிவந்த இயந்திரங்களில் இத்தகைய 65,536 துறை எண்களுக்கு இடமுண்டு. எனினும் பல உறுப்புகள் இரண்டே துறைகளுடன் அமைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றில், வேண்டிய அறையின் எண்ணை எழுதுதல் வேண்டும். மற்றொன்றின் வாயிலாக அவ்வறையிலுள்ள செய்தியைப் படிக்கலாம், அன்றி மாற்றலாம். காலங்காட்டும் கடிகாரச் சில்லு, பதினாறடி எண்முறையில் 70, 71 எனக் குறிக்கப்படும் துறைகளில் இவ்வாறே இயங்குகிறது. வெப்பம், மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் சில்லுகள் பலவும் இம்முறையையே கைக்கொள்கின்றன. முதலில் எண், பின்னர் எடை.

இங்கே இரு கணக்கப்பிள்ளைமார் எவர்? ஒருவர் நிலைபொருள். தாய்ப்பலகையைச் செய்த நிறுவனமே எழுதிப் பலகையில் பதித்துவைத்த நிரல் அது. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழித்து, உறுப்புகளைச் சரிபார்த்து, பொறுப்பை ஒப்படைப்பது அதன் கடமை. மற்றவர் கர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கரு. பொறுப்பேற்ற பின்னர் இயந்திரம் முழுவதும் தன் ஆட்சிக்கு உட்பட்டது என்றே அது கருதுகிறது.

ஆனால் நிலைபொருள் முற்றிலும் விலகிச் செல்வதில்லை. 1990இல் வெளிவந்த இன்ரெல் 386எஸ்எல் செயலி, எஸ்.எம்.எம். என்னும் மறைவான நிலையொன்றைக் கொணர்ந்தது. அந்நிலையில் நிலைபொருள் கர்னலை நடுவழியில் நிறுத்தி, தன் வேலையை முடித்துக்கொண்டு, ஏதும் நடவாதது போல் திரும்பிவிடும். 1996இல் இன்ரெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்னும் ஒழுங்கை வெளியிட்டன. மின்சேமிப்பு, வெப்பம், உறக்கநிலை ஆகியவற்றை நிருவகிக்கும் பொறுப்பு அதனால் இயங்குதளத்துக்கு வந்தது. எனினும் அதற்கான கட்டளைகளைப் பலகை செய்தவரே எழுதித் தருகிறார். கர்னல் அவற்றை வாசித்து நிறைவேற்றுகிறது. ஆகவே, ஒரு கையால் தன் வேலையையும் மறு கையால் பிறர் எழுதிய கட்டளையையும் செய்யும் கர்னல், இரு கைகளும் ஒரே சில்லைத் தொடுவதை அறியாமலே போகலாம்.

படிக்கையில் இடையூறு நேர்ந்தால், பொய்யான வெப்பநிலை காட்டப்படும். எழுதுகையில் நேர்ந்தால், விசிறியின் வேகமோ மின்னழுத்தமோ தவறாக மாற்றப்படலாம். இப்பிழை நூறு முறை தோன்றாமல் நூற்றோராவது முறை தோன்றுவதால், காரணம் காண்பதும் அரிதாகிறது.

உரிமை அறியாது உறுப்புகளைத் துழாவுவது எவ்வளவு கேடு தரும் என்பதற்கு 2000ஆம் ஆண்டையொட்டிய நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். ஐ.பி.எம். திங்பாட் மடிக்கணினிகள் சிலவற்றில், வெப்ப உணரிகளைத் தேடிய லினக்ஸ் நிரலொன்று, கணினியின் அடையாளச் செய்திகளைத் தாங்கிய நினைவகச் சில்லைக் கெடுத்துவிட்டது. அக்கணினிகள் பின்னர் விழிக்க மறுத்தன. இதனால், ஐ.பி.எம். கணினி எனக் கண்டால் தாமே விலகிக்கொள்ளும்படி உரிய நிரல்கள் திருத்தப்பட்டன.

2009இல் லினக்ஸ் கர்னல் பொதுவான முடிவொன்றை மேற்கொண்டது. ஏ.சி.பி.ஐ. கட்டளைகள் தமக்குரியவை என அறிவித்த துறைகளைப் பிற நிரல்கள் தொடலாகாது என்ற கண்டிப்பே இயல்பான நிலையாயிற்று. எச்சரித்துவிட்டு அனுமதிக்கும் தளர்வு நிலையும், எதனையும் சோதியாத நிலையும் விரும்புவோர்க்கென விடப்பட்டன.

இம்முடிவிலும் குறை உண்டு. தாம் தொடாத துறைகளையும் தமதென்று அறிவிக்கும் நிலைபொருள்கள் உள. மறைவான எஸ்.எம்.எம். நிலையில் நடப்பதையோ கர்னலால் காணவே இயலாது. ஆகவே சிலர் காரணமின்றித் தடுக்கப்படுகின்றனர். சில ஆபத்துகள் தடையின்றி நுழைகின்றன.

கேகாலைப் பக்கத்து லயமொன்றில், வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கணினியொன்றை வாங்கி, அதில் லினக்ஸை நிறுவும் மாணவன் இதனை நேரிலே காணக்கூடும். விசிறியின் வேகம் திரையில் தெரியாது. துறை முரண்படுகிறது என்ற செய்தி மட்டும் தோன்றும். கண்டிப்பைத் தளர்த்திவிடு என்று நண்பர் கூறுவர். தளர்த்தியவுடன் எண்கள் தெரியவும் கூடும். ஆனால் பிணக்கு அங்கே தீரவில்லை, காவல்தான் நீங்கியது. மாற்றுக் கணினி இல்லாத வீட்டில் இவ்வேறுபாடு அற்பமானதன்று.

மேலான வழிகளும் உண்டு. ஏஸஸ் நிறுவனத்தின் பல பலகைகளில் ஏ.டி.கே. 0110 என்னும் இடைமுகம் உளது. சில்லை நேரே தொடாமல் நிலைபொருளிடமே கேட்டு அறியும் லினக்ஸ் நிரலொன்று அதற்கென 2009இல் அமைந்தது. ஏ.சி.பி.ஐ. ஒழுங்கிலேயே இரு தரப்பும் மாறிமாறி எடுத்துக்கொள்ளத்தக்க பொதுப்பூட்டு ஒன்றுக்கும் இடமுண்டு. ஆயினும் இருவரும் அதனை மதித்தாலன்றிப் பூட்டினால் பயனில்லை.

எனவே, கண்டிப்பைத் தளர்த்துமுன் அப்பலகைக்கு உரிய நிரல் கர்னலில் உளதா என்று பார்த்தல் நன்று. இல்லையெனில், அந்த எண்கள் இன்றியே இயந்திரத்தைப் பயன்படுத்துதல் அறிவுடைமை. பலகை செய்வோரின் கடமை இதனினும் பெரிது. எத்துறையைத் தாம் ஆள்கின்றனர், எதனை விட்டுவிட்டனர் என்பதை அவர்கள் மெய்யாக எழுதிவைத்தல் வேண்டும். விலை கொடுத்து வாங்கியவர், தம் இயந்திரத்தில் எவர் கை எங்கே படுகிறது என்று அறியும் உரிமை உடையவர்.