அலர் எழாத காதல்: ஒரு கொரியத் தொடரை முன்வைத்து



பாளையங்கோட்டையில் கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லை. அகத்திணைக்கும் நாட்டார் தெய்வங்களுக்கும் நான் பலமுறை தலைமை தாங்கியிருக்கிறேன். கொரியத் தொடர்களுக்கு என்று அழைத்தபோது ஆள் மாறி அழைத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, நீங்க 'செமான்டிக் எரர்' பாருங்க, எட்டே எபிசோடுதான்" என்றாள். இரண்டு ராத்திரியில் முடித்தேன். அப்புறம் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

கொரியத் தொடர் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழ் பேச வைத்துவிட்டது. ஆனால் இரு ஆண்களின் காதலைச் சொல்லும் 'பாய்ஸ் லவ்' வகை அப்போது வரவில்லை. 'செமான்டிக் எரர்' 2022 பிப்ரவரியில் வாட்சா என்ற இணையத் தளத்தில் வெளிவந்தது. மூலம் ஜோசூரி என்ற புனைபெயரில் எழுதப்பட்ட ஓர் இணைய நாவல். இயக்கியவர் கிம் சூ-ஜங்.

கதை சின்னது. சூ சாங்-ஊ கணினி அறிவியல் மாணவன். விதியென்றால் அவனுக்கு விதிதான். குரூப் ப்ராஜெக்டில் வேலை செய்யாதவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு ஒப்படைக்கிறான். அப்படிப் பெயர் போனவர்களில் வடிவமைப்புத் துறை மாணவன் ஜாங் ஜே-யங்கும் ஒருவன். அதனால் அவனுடைய பட்டமே தள்ளிப்போகிறது. பழிவாங்கக் கிளம்புகிறான். சாங்-ஊவுக்கு ஆகாத சிவப்பு நிறத்தை உடுத்திக்கொண்டு எதிரே வந்து நிற்கிறான். அவன் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். பிறகு இருவரும் சேர்ந்தே ஒரு கணினி விளையாட்டை உருவாக்க வேண்டிவருகிறது. ஐந்து பேர் பெயர் போட்டு ஒருவன் செய்யும் ப்ராஜெக்ட் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தலைப்பைக் கவனியுங்கள். நிரல் எழுதுவோர் பேச்சில், வாக்கிய அமைப்பு சரியாக இருந்து பொருள் மட்டும் பிசகினால் அது 'செமான்டிக் எரர்'. இலக்கணம் படித்தவனுக்கு இங்கே காது நிமிரும். நம்மிடம் வழு உண்டு, வழுவமைதியும் உண்டு. மகிழ்ச்சி, சினம் போன்ற காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்புதான் என்று நன்னூலார் இடம் கொடுத்திருக்கிறார். மகளை "வாய்யா ராசா" என்று கூப்பிடும் தகப்பன் இலக்கணம் தெரியாதவன் இல்லை. அவனுக்கு அன்பு கொஞ்சம் மிகுந்துவிட்டது, அவ்வளவுதான். சாங்-ஊ தன் மனத்தில் எழுந்த ஈர்ப்பை நிரலில் வந்த பிழையாகவே பார்க்கிறான், திருத்தப் பார்க்கிறான், முடியவில்லை. எட்டுப் பகுதிகளும் வழுவிலிருந்து வழுவமைதிக்குப் போகும் பயணம் என்று சொன்னால் இயக்குநர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் கணியான் கூத்துப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண் வேடத்தில் ஆடுகிறவர்கள் ஆண்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தினார். 'பாய்ஸ் கம்பெனி' மேடைகளில் காதல் காட்சியின் இரண்டு பக்கமும் பையன்கள்தான். சிவாஜி கணேசனே பெண் வேடம் போட்டு வளர்ந்தவர். இவற்றைக் காட்டி 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று தயவுசெய்து கட்டுரை எழுதாதீர்கள். அங்கே வேடம் மாறியது. கதை ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதாகவே இருந்தது.

தொடரின் முதல் பலம், அதன் சண்டை பால் பற்றியதே அல்ல என்பது. ஒருவன் ஒழுங்குக்காரன், இன்னொருவன் ஒழுங்கைக் கலைப்பவன். அந்தக் குணங்களை வைத்தே பிணக்கும் நெருக்கமும் பின்னப்படுகின்றன. கூடலுக்குப் பிறகு ஊடல் என்ற வரிசையைத் திருப்பிப் போட்டு ஊடலில் தொடங்குகிறார்கள். ஆசைப்பட்டு ஒதுங்கும் பெண்ணைக்கூட வில்லியாக்கவில்லை. அழுகையும் பின்னணி இசையுமாக ஒன்றை ஒன்பது தடவை சொல்லும் நம் நெடுந்தொடர்கள் இந்தச் சிக்கனத்தைப் படிக்கலாம்.

இரண்டாவது பலம் தொடுகை. ஒரு விரல் இன்னொரு விரலில் பட்டால் அங்கே அது நிகழ்ச்சி; காமிரா நின்று பார்க்கிறது. இதை அப்படியே இங்கே எடுக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியாது. வண்ணார்பேட்டையில் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவன் மடியில் இன்னொருவன் தலை வைத்துப் படுத்திருப்பான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயர் வைக்காதவரை நம் ஊரில் ஆண்களின் நெருக்கத்துக்கு எல்லா உரிமையும் உண்டு. எனவே தமிழில் எடுக்கப்போகிற இயக்குநருக்குத் தொடுகை உதவாது. அவர் வேறு குறிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வையா, பேச்சுக்கு நடுவில் வரும் மௌனமா, எனக்குத் தெரியவில்லை. நாடகத் துறையினர் சொல்ல வேண்டும்.

இனிக் குறை. துணைப் பாத்திரங்கள் மெலிவு, கணினி வேலை வெறும் ஒப்புக்கு. இவை சில்லறை. பெரிய குறை, இந்தக் காதலில் அலர் இல்லை. சங்கப் பாடல்களில் களவு எதனால் நகர்கிறது? முதலில் அம்பல், வாய்க்குள் முணுமுணுப்பு. பிறகு ஊரே பேசும் அலர். அந்தப் பேச்சின் நெருக்குதலில்தான் உடன்போக்கும் வரைவும் வருகின்றன. சாங்-ஊவின் கல்லூரியில் அம்பல்கூட இல்லை. குடும்பம் குறுக்கே நிற்பதில்லை, ஊர் கேட்பதில்லை. நடப்பில் தென்கொரியாவில் ஒருபால் திருமணத்துக்குச் சட்டம் கிடையாது. இளைஞர்கள் கட்டாய ராணுவச் சேவைக்குப் போக வேண்டும். அந்த ராணுவத்தில் ஆணும் ஆணும் உறவு கொண்டால் தண்டிக்கும் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2023-இல் அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் அதை மறுபடியும் செல்லும் என்றது. தொடரின் கல்லூரி வளாகத்துக்குள் இதன் நிழல்கூட விழவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று எழுதிவிடுவது சுலபம். நானும் முதல் தடவை பார்த்தபோது அப்படித்தான் குறித்து வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். இந்த வகையின் வேர், 1970-களில் ஜப்பானில் சிறுமிகளுக்காகப் பெண்கள் வரைந்த சித்திரக்கதைகளில் இருக்கிறது. கொரியாவிலும் இத்தகைய இணைய நாவல்களின் வாசகர்களில் பெரும்பாலோர் பெண்கள். அகப்பாடலில் அலர் யார் மேல் விழுகிறது? தலைவி மேல்தான். வீட்டில் இற்செறிக்கப்படுபவளும் அவள்தான். வாழ்நாளெல்லாம் ஊர்வாய்க்குப் பயந்து நடக்கிறவள், ஊர்வாய் இல்லாத ஒரு காதலைப் படிக்க ஆசைப்பட்டால், கதையிலிருந்து பெண்ணையே எடுத்துவிடுவது ஒரு வழி. ஆசை நியாயமானது. ஆனால் அந்தக் கனவுக்குத் தங்கள் முகத்தைக் கொடுத்திருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிற மனிதர்கள். அவர்கள் மேல் விழுகிற அலரைக் கதை துடைத்துவிடுகிறது.

கொரியர்களுக்கே இது தெரியாமல் இல்லை. பார்க் சாங்-யங் எழுதிய 'லவ் இன் த பிக் சிட்டி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022 சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. 2024 அக்டோபரில் அது டிவிங் தளத்தில் எட்டுப் பகுதித் தொடராக வந்தது. வருவதற்கு முன்பே எதிர்ப்பு. முன்னோட்டத்தை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. அதில் நோயாளித் தாய் இருக்கிறாள், அவளுடைய கிறித்தவப் பக்தி இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்த வீடு அந்நியமாகத் தோன்றாது.

நம் பக்கம் திரும்பினால் குறை நேர்எதிர். 'வேட்டையாடு விளையாடு' 2006-இல் இத்தகைய உறவைக் கொலைகாரர்களிடம் சுட்டிக்காட்டியது. 2010-இல் 'கோவா' இரண்டு ஆண்களைச் சோடியாகக் காட்டியது; சிரிப்புக்கு நடுவில் என்றாலும் கொஞ்சம் பிரியத்தோடு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமில்லை என்ற பிறகு படங்களுக்குத் தைரியம் வந்தது. 2025-இல் 'காதல் என்பது பொதுவுடைமை' மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்து வருவதைச் சொன்னது. நேர்மையான படம். ஆனால் தாயின் அதிர்ச்சி, தகப்பனின் அதிர்ச்சி, வாக்குவாதம் என்று வீடே பேசித் தீர்க்கிறது. இரண்டு பெண்களும் சும்மா சேர்ந்து சிரித்திருக்கும் நேரம் குறைவு. மலைக்கு அந்தப் பக்கம் மம்மூட்டி நடித்த 'காதல் தி கோர்' 2023-இல் வந்தது. வழக்கு உண்டு, தேர்தல் உண்டு, காதலிக்கும் இரண்டு ஆண்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்வது அரிது. கொரியன் களவை மட்டும் எடுத்தான். நாம் அலரை மட்டும் எடுக்கிறோம்.

கடைசியாக ஒரு சொல். கொரிய மொழியில் இளையவன் மூத்த ஆணை 'ஹ்யொங்' என்பான், அண்ணன். விறைப்பாகப் பேசுகிற சாங்-ஊவின் வாயில் அந்தச் சொல் வருவது பெரிய நெருக்கம். தமிழில் 'அண்ணே' என்று போட்டால் காதல் அங்கேயே செத்துவிடும். நம் பையன்கள் ஒருவரையொருவர் 'மச்சான்', 'மாப்ள' என்கிறார்கள். இரண்டும் கொண்டான் கொடுத்தான் முறைப் பெயர்கள். ஒரு பெண் தன் காதலனைக் கூப்பிடுவதும் அதே 'மச்சான்'தான். முதல் அமர்வில் மொழிபெயர்ப்புக் கட்டுரை படிக்கப்போகும் தம்பி தன் ஆய்வுச் சுருக்கத்தில் இந்த இடத்தில் 'நண்பா' என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது சம்மதமில்லை. ஒலிவாங்கியை அவரிடமே தருகிறேன், வந்து வாதாடட்டும்.