கசந்த உள்ளத்திற்கு ஓர் ஆறுதல்



சில காலத்திற்கு முன் ஒரு மாலைப்பொழுதில், கண்டி நகரிலுள்ள என் இல்லத்திற்கு நண்பர் ஒருவர் வந்தார். என்னைப் போலவே ஆசிரியத் தொழில் புரிபவர், என்னிலும் இளையவர், ஞாயிறுதோறும் தேவாலயத்திற்குத் தவறாது செல்பவர். நெடுநேரம் பாடசாலைச் செய்திகளையே பேசிக்கொண்டிருந்தார். விடைபெறும் வேளையில் வாயிற்படியில் நின்று, “ஐயா, இப்போதெல்லாம் எனக்குச் செபிக்க இயலவில்லை” என்றார். அவரை மீண்டும் உள்ளே அழைத்து அமரச் செய்தேன்.

தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டை மூத்த சகோதரர் தமக்கே உரித்தாக்கிக்கொண்டார் என்பது அவருடைய மனக்குறை. அக்குறை ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, உண்ணும் உணவையும் உறங்கும் உறக்கத்தையும் கசப்பாக்கிவிட்டது. ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, பிறர் பிழையைப் பொறுத்தல் பற்றிய வேண்டுதல் வந்ததும் அவருக்கு நா எழுவதில்லை. இன்னொன்றையும் தலைகுனிந்தவாறே கூறினார். திருவிருந்து வேளையில், சொல்லக் கூசும் எண்ணங்கள் அழையாமலே வந்து மனத்தில் நிற்கின்றன. “தேவன் என்னைத் தள்ளிவிட்டார் என்றே எண்ணுகின்றேன், ஐயா” என்று முடித்தார்.

கேட்ட கேள்விக்கு உடனே விடையளிப்பது ஆசிரியரின் பழக்கம். அன்று எனக்கு விடை வரவில்லை. அவர் சென்ற பின்னரே, நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து சில மைல் தொலைவில் முன்னொரு காலத்தில் வாழ்ந்த ஒருவனின் நினைவு எனக்கு வந்தது. அவனுடைய வரலாற்றை அடுத்த சந்திப்பில் நண்பருக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

அவன் பெயர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில், புயலால் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவினுள் வந்தது. கப்பலின் தலைவர் நொக்ஸின் தகப்பனார். மகனுக்கு அப்போது வயது 19. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அதிகாரிகள் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டனர். கப்பலையும் ஆற்றினுள் கொண்டுவரும்படி கட்டளையிட வேண்டுமென வற்புறுத்தினர். தகப்பனார் மகனைத் தூதனாகக் கப்பலுக்கு அனுப்பினார். கப்பலிலுள்ளோர் எச்சரிக்கையாயிருந்து தப்பிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் மறைவாகச் சொல்லியனுப்பிய செய்தி. மகனோ தம்மிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். மகன் சொல்லைக் காத்தான். கப்பலில் ஏறித் தப்பக்கூடிய வேளையில், கரைக்குத் திரும்பிச் சிறைப்பட்டான். கப்பல் போய்விட்டது. பிடிபட்டவர் 16 பேர். அவர்கள் கண்டி இராச்சியத்தின் ஊர்களிலே பிரித்து வைக்கப்பட்டனர்.

தகப்பனும் மகனும் ஏழு கோறளையில் பண்டார கொஸ்வத்த என்னும் ஊரில் தங்க வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. திரும்பி வா என்று தாம் இட்ட ஆணையே மகனைச் சிறைக்குள் தள்ளிற்று என்ற எண்ணம் முதியவரின் நெஞ்சைத் தின்றது. தாம் கிழவர், விரைவில் இறந்துபோவோம். இளைஞனான மகனோ இன்னும் எத்தனை ஆண்டு துயருறுவானோ என்று அவர் புலம்பியதை, மகன் பிற்காலத்தில் எழுதி வைத்தான். 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள் தகப்பனார் இறந்தார். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது அயலவரிடமிருந்து கிடைத்தது மாடு கட்டும் கயிறு ஒன்று. அதனாற் பிணைத்து உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனர். எழுந்து நிற்கவும் வலுவற்றிருந்த மகன், கூலிக்கு ஓர் ஆளைத் தேடி, தகப்பனாரை முறைப்படி அடக்கம் செய்தான்.

நேயர்களே, இங்கே சற்று நிற்போம். கீழ்ப்படிந்ததற்குக் கிடைத்த பரிசு சிறைவாசம். உண்மை தவறாததற்குக் கிடைத்த கூலி தனிமை. கசந்துபோவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒருவனுக்கு வேண்டுமா? தகப்பனை வெறுக்கலாம், கைவிட்டுச் சென்ற கப்பலாரை வெறுக்கலாம், கயிறு கொடுத்த அயலவரை வெறுக்கலாம், யாவற்றையும் பார்த்திருந்த இறைவனையும் வெறுக்கலாம்.

அவன் செய்தது என்ன? பெரிய செயல் ஒன்றுமில்லை. அவனிடம் பக்தி நூல்கள் இரண்டு இருந்தன. மாலைதோறும் வயல்வெளிக்குச் சென்று அவற்றைப் படிப்பான், செபிப்பான். திரும்பத் திரும்பப் படித்தமையால் அவை ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன. வேதாகமம் ஒன்று வேண்டுமென ஏங்கினான். ஆயின் ஆங்கில வேதாகமம் கண்டி நாட்டுக் காட்டூரிலே எவ்வாறு கிடைக்கும்?

ஒருநாள் ஓடைக்கரையில் அவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர், உடனிருந்த ஏவற்சிறுவனிடம், உன் எசமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தம் கைக்கு வந்த புத்தகம் ஒன்று வீட்டில் இருப்பதாகவும், விருப்பமாயின் விற்கலாம் என்றும் சொன்னார். போர்த்துக்கேய நூலாக இருக்கும் என்று பொருட்படுத்தாத நொக்ஸ், பார்த்து வரும்படி சிறுவனை அனுப்பினான். முன்னர் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்திருந்த அச்சிறுவன், அதனைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, வேதாகமம் என்று கூவியவாறே ஓடி வந்தான். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு எதிரே ஓடினான். கையில் வாங்கியதும் நூல் தானே திறந்த இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன், மீட்படைய நான் செய்ய வேண்டியது என்ன என்று நடுங்கிக் கேட்கும் பகுதி அது. சிறையிலிருப்பவன் கண்ணில் முதலிற்பட்டது சிறைக்கதை!

அவனிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு வராகன். அதனைக் கொடுத்துவிட எண்ணினான். சிறுவன்தான் தடுத்தான், காசு வேறு தேவைகளுக்கு வேண்டும், நூலில் ஆசையில்லாதவர் போல் இருங்கள், நான் குறைந்த விலைக்கு வாங்கித் தருகின்றேன் என்றான். அவ்வாறே, நூலாற் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்த வேதாகமம் கைமாறிற்று.

அந்தத் தொப்பியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தொப்பி பின்னுவது நொக்ஸ் பிழைப்பிற்காகக் கைக்கொண்ட தொழில். மனம் சோர்ந்திருந்த வேளையிலும் அவன் கை சும்மா இருக்கவில்லை. பின்னாளில் அவன் கண்டிக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியில் லெகுந்தெனியாவிலும், அதன்பின் உடுநுவரையில் எலதெத்தவிலும் வாழ்ந்தான். அங்கெல்லாம் தொப்பி பின்னினான், நெல் கடன் கொடுத்தான், கோழி வளர்த்தான், சிறு வணிகம் செய்தவாறே வடக்கு நோக்கிய வழிகளை விசாரித்து வந்தான். ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றபின், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், தோழன் ஒருவனுடன் அனுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான்.

என் நண்பர் இதனைக் கேட்டு, “ஐயா, அவனுக்குச் செபிக்க முடிந்தது. என் மனத்திலோ தீய எண்ணங்கள் அல்லவா வருகின்றன?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியவர் நொக்ஸின் காலத்தவரே ஆகிய இன்னொருவர். நொக்ஸ் சிறைப்பட்ட அதே 1660ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பெட்போர்ட் நகரில், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காகச் சிறையிடப்பட்டவர் ஜோன் பனியன். அவர் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவியே நம் கிருஷ்ணபிள்ளை அவர்கள் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். பனியன் இளமையில் என் நண்பரைப் போலவே துன்புற்றவர். கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் அவரைத் துரத்திற்று. அதனை எதிர்த்து எதிர்த்துக் களைத்துப்போனதை, 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

அவருடைய யாத்திரைக் கதையில் ஒரு காட்சி உண்டு. மரண இருளின் பள்ளத்தாக்கில் கதைத் தலைவன் நடந்து செல்கையில், தீய ஆவியொன்று பின்னால் வந்து, தேவ நிந்தனையான சொற்களைக் காதருகே முணுமுணுக்கின்றது. அவனோ அவை தன் உள்ளத்திலே பிறந்தவை என்று எண்ணி மனம் நொந்துபோகின்றான். வேறெந்த இடரிலும் அவன் அவ்வளவு வருந்தவில்லை. பட்டறிந்தவராலன்றி இதனை எழுத முடியாது. வாசலில் வந்து கூச்சலிடுபவன் வேறு, நாம் வீட்டினுள் அழைத்து விருந்திட்டவன் வேறு. அழையாமல் வந்த எண்ணத்திற்காக ஒருவன் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. அன்றியும், தேவனை நாடும் விருப்பம் முற்றாக அற்றுப்போனவன், செபிக்க இயலவில்லையே என்று வாயிற்படியில் நின்று கலங்குவானா? அந்தக் கலக்கமும் ஒருவகைச் செபமேயாகும். 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தொடக்கம் முதல் முறையீடு. முடிவிலும் வெளிச்சம் இல்லை, இருளே உள்ளது. அவ்வாறிருந்தும் அது வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கின்றது.

மனம் அளவுகடந்து சோர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாவே வேண்டுமென்று கேட்டபோது, தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, உறங்கவிட்டார், தூதன் அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்தான், மீண்டும் உறங்கவிட்டார். உடலும் மனமும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஓயாது திரும்பி வரும் எண்ணங்களும் நீங்காத சோர்வும் நோயாகவும் இருக்கலாம். நோயெனில் வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவாகாது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநல வைத்தியர்கள் உள்ளனர். 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுமாயின், நாளை என்று தள்ளிப்போடாது, அன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

நொக்ஸின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இங்கிலாந்து திரும்பி 1681இல் தம் நூலை வெளியிட்ட பின், அவர் கப்பல் தலைவரானார். மடகாஸ்கர் தீவிலே மனிதரை அடிமைகளாக வாங்கும் வாணிபத்திலும் ஈடுபட்டார். சிறையின் துயரை அறிந்தவர் பிறரைச் சிறைப்படுத்தினார். வேதாகமத்தைக் கையில் கொணர்ந்து கொடுத்த ஏவற்சிறுவனை அப்போது அவர் நினைத்தாரோ இல்லையோ, நாமறியோம். நாம் பட்ட துன்பம் தானாகவே நம்மை நல்லவராக்கிவிடாது. எனக்கு அநீதி நடந்தது என்று ஓயாது சொல்லும் நெஞ்சு, தான் செய்யும் அநீதியைக் காணத் தவறக்கூடும். கசப்பிற்கு நாம் அஞ்ச வேண்டிய காரணம் இதுவே. அது நம்மோடு நில்லாது. நம் மனைவி மக்களுக்கும், நம்மிடம் பயிலும் மாணவருக்கும் போய்ச் சேரும்.

இதைச் சொன்னபோது என் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். வகுப்பிலே காரணமின்றிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். அண்ணனை உடனே மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு பற்றிய நியாயத்தை உரிய இடத்திலே கேட்கலாம். மன்னிப்பதென்றால் அநீதியை நீதியென்று ஒப்புக்கொள்வதன்று. அந்தச் செபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், நா எழாத இடத்தில் நின்று, எழவில்லை என்பதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

சென்ற வாரம் அவரைப் பேராதனைச் சந்தியிலே கண்டேன். “அவ்விடம் வந்ததும், ஆண்டவரே, இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லி முடிக்கின்றேன், ஐயா” என்றார். அண்ணனின் மகளுக்குப் பரீட்சை நெருங்குவதால், தாம் எழுதிவைத்த பாடக் குறிப்புகளைத் தபாலில் அனுப்பியதாகவும் கூறினார். அண்ணனுக்குக் கடிதம் எழுதவில்லை. குறிப்புகளை மட்டும் அனுப்பினாராம். அவரால் இன்று இயன்றது அவ்வளவு.

இவ்வேளையில் எங்கோ ஓரிடத்தில், வானொலிப் பெட்டியின் அருகே, இத்தகைய பாரத்தோடு ஒருவர் அமர்ந்திருப்பாராயின், அவர் எச்சமயத்தவராயினும், அவருக்கு என் அன்பைத் தெரிவித்துக்கொள்கின்றேன். தேவன் உங்களைத் தள்ளிவிடவில்லை. இன்றிரவு ஒருவரிடம் பேசுங்கள். நாளைக் காலை உங்கள் கைக்கு எட்டிய சிறு வேலை ஒன்றைச் செய்யுங்கள். சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக.

வணக்கம்.