குளம் வத்தினாலும் அல்லி போகாது

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வட்டின்னு எப்பவும் பேசுறோம். இன்னைக்கு நம்ம ஊர்க் குளத்து அல்லியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்கு அது சோறு போட்டிருக்கு.

எனக்கு எட்டு வயசுல அப்பா இறந்துட்டார். அடுத்த கோடையில கூலி வேலையும் இல்ல. குளம் வத்தி, சேறு வெடிச்சுக் கிடந்தது. அம்மா விடியறதுக்கு முன்னாடியே களைக்கொத்தியோட போயி அல்லிக்கிழங்கு தோண்டிட்டு வருவாங்க. சேறு போகக் கழுவி, உப்புப் போட்டு வேகவச்சு, கறுப்புத் தோலை உரிச்சுக் கொடுப்பாங்க. லேசாக் கசக்கும், ஆனா வயிறு நிறையும். "வெளியே யார்கிட்டயும் சொல்லாதே"ம்பாங்க. நானும் ரொம்ப வருஷம் சொல்லவே இல்ல.

போன வருஷம் காலேஜ் படிக்கிற என் மக, புறநானூற்றுல ஒக்கூர் மாசாத்தனார் பாடின ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொன்னா. புருஷனை இழந்த ஒரு பொண்ணு பேசுறா. சின்ன வயசுல வெள்ளாம்பல் தழை அவளுக்கு உடுத்துற ஆடையா இருந்துச்சாம். இப்போ அதே ஆம்பலோட அரிசிதான் அவளுக்குச் சாப்பாடாம். ஆம்பல்னா நம்ம அல்லிதான். அதைக் கேட்டப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்க அம்மா பட்ட கஷ்டம் ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டுலயே இருக்கு. இதுல வெட்கப்பட என்ன இருக்கு?

அல்லி அரிசின்னா அல்லியோட விதை. காய் தண்ணிக்குள்ளேயே முத்தும். அதைப் பறிச்சு, அழுகவிட்டு அலசினா பொடிப்பொடியா விதை கிடைக்கும். காயவச்சு, குத்திக் கஞ்சி காய்ச்சுவாங்க. தண்டையும் நார் உரிச்சுச் சமைக்கலாம். வங்காளத்துல அதை 'ஷாப்லா'ன்னு சந்தையில கட்டுக்கட்டா விக்கிறாங்க. வங்கதேசத்துக்குத் தேசிய மலரே வெள்ளை அல்லிதான். சித்த மருத்துவத்துல பூவை உடம்புச் சூடு தணியக் கொடுப்பாங்க. ஆனா மருந்துன்னு வந்தா மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிடணும்.

சில விஷயங்களை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

1. பூ பறிக்கப் பிள்ளைகளைக் குளத்துல இறக்காதீங்க. தண்டு காலைச் சுத்தும், சேறு உள்ளே இழுக்கும்.

2. சாக்கடை கலக்குற குளத்துக் கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

3. கிழங்கு எடுத்தாலும் ஒட்டுமொத்தமாத் தோண்டாம மிச்சம் விடுங்க.

4. ஆகாயத்தாமரையையும் அல்லியையும் ஒண்ணா நினைக்காதீங்க. ஆகாயத்தாமரைக்கு இலைத்தண்டு வெங்காயம் மாதிரி உப்பி இருக்கும், பூ ஊதாக் கொத்தா வரும், மிதந்துகிட்டே குளத்தை மூடிடும். அது தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. அதை அள்ளித்தான் ஆகணும். அல்லி நம்ம மண்ணுது. வட்ட இலையில ஒரு பக்கம் பிளவு இருக்கும், வேர் சேத்துல ஊணி இருக்கும்.

இதை இப்போ சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊர்க் குளத்தைத் தூர் வாரப் போறாங்க. நல்ல வேலைதான், நாமதான் கேட்டு வாங்கினோம். ஆனா மிஷினை விட்டு அடிமண்ணு வரைக்கும் வழிச்சுட்டா, கிழங்கும் சேர்ந்து லாரியில போயிடும். அப்புறம் தண்ணி வந்தாலும் அல்லி வராது. அதனால எங்க குழு தீர்மானப் புத்தகத்துல ரெண்டு விஷயம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். குளத்துல ஒரு மூலையைத் தோண்டாம விடணும். மத்த இடத்துக் கிழங்குல கொஞ்சத்தை ஈரச் சேத்துல பாதுகாத்து, தண்ணி வந்ததும் நாங்களே ஊணுவோம். குளம் பூரா அல்லி மூடவும் வேண்டாம், ஒரு ஓரம் இருந்தாப் போதும். வர்ற மே 1 கிராம சபையில இதைக் கேட்கப் போறோம். உங்க ஊர்லயும் கேளுங்க.

ஔவையார் மூதுரையில சொன்னது உங்களுக்குத் தெரியும். தண்ணி வத்தினா பறவை பறந்து போயிடும். கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அந்தக் குளத்துலயே ஒட்டிக் கிடக்கும், அதுதான் உறவு. அப்பா போனப்போ எங்க வீட்டுக்கு வந்து போனவங்க நின்னுட்டாங்க. அல்லி நின்னுச்சு. இன்னைக்கு அப்படி ஒரு வீட்டுக்குப் பக்கத்துல நம்ம குழு நிக்குது. நமக்காக நின்ன செடிக்கு நாமளும் ஒரு ஓரம் விட்டு வைப்போம்.