சிறு பள்ளமும் அதில் நிற்கும் நீரும்



இந்தக் கருத்தரங்கில் டானோமைசின், ஆக்டினோமைசின், மித்ராமைசின் என டி.என்.ஏ.வோடு பிணையும் பல மூலக்கூறுகளைப் பற்றிப் பேச இருக்கிறீர்கள். நான் நெட்ராப்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து 1951இல் கிடைத்த இந்த எதிர் உயிரி, நச்சுத்தன்மையால் மனிதருக்கான மருந்தாகவில்லை. ஆனால் நம் துறைக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் வாய்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டானோமைசின் போன்றவை தம் தட்டை வளையங்களை டி.என்.ஏ.வின் கார இணைகளுக்கு நடுவே செருகி, சுருளின் முறுக்கைத் தளர்த்துகின்றன. 1961இல் லெர்மன் சொன்ன செருகல் முறை இது. நெட்ராப்சின் எதையும் செருகாது. பிறை போல வளைந்த அதன் உடலில் இரண்டு பைரோல் வளையங்கள். இரு முனைகளிலும் நேர்மின்சுமை. அந்த வளைவோடு டி.என்.ஏ.வின் சிறு பள்ளத்தில் படிந்து கிடக்கும், அதுவும் அடெனின்–தைமின் இணைகள் தொடர்ந்து வரும் இடமாகப் பார்த்து.

ஏன் அந்த இடம்? ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். 1985இல் டிக்கர்சன் குழுவினர் வெளியிட்ட படிக அமைப்பில் அப்பிணைப்புகள் தெளிவாகவே தெரிந்தன: ஒருபுறம் நெட்ராப்சினின் அமைடு தொகுதிகள், மறுபுறம் அடெனினின் நைட்ரஜனும் தைமினின் ஆக்சிஜனும். ஆனால் அத்தகைய நைட்ரஜனும் ஆக்சிஜனும் குவானினிடமும் சைட்டோசினிடமும் இருக்கின்றனவே! வேறுபாடு குவானினின் அமினோ தொகுதியில் இருக்கிறது. அது பள்ளத்தின் தரையிலிருந்து துருத்தி நிற்பதால் பைரோல் வளையம் உள்ளே இறங்க இடமில்லை. அப்படியானால் வளையத்தை மாற்றி, பைரோலுக்குப் பதில் இமிடசோலை வைத்தால் குவானினையும் ஏற்கச் செய்யலாமே என்ற எண்ணம் பிறந்தது. டெர்வன் குழுவினர், நாம் விரும்பும் வரிசையைத் தேடிப் பிடிக்கும் பாலிஅமைடுகளை உருவாக்கியது அந்தத் தடத்தில்தான்.

இத்தனை சொல்லியும் பாதிதான் சொல்லியிருக்கிறோம். நெட்ராப்சின் வருமுன் அந்தப் பள்ளம் காலியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் முதுகெலும்பு போல ஒழுங்காக அணிவகுத்து நிற்பதை 1981இலேயே ட்ரூவும் டிக்கர்சனும் காட்டினார்கள். நெட்ராப்சின் அவற்றை வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே அமர்கிறது. 1987இல் மார்க்கியும் பிரெஸ்லாயரும் கண்டது இன்னும் வியப்பானது. அடெனினும் தைமினும் மாறிமாறி வரும் இழையிலும், ஓர் இழை முழுக்க அடெனினும் எதிரிழை முழுக்கத் தைமினுமாக உள்ள சுருளிலும் நெட்ராப்சின் ஏறக்குறைய ஒரே வலுவில் பிணைகிறது. ஆனால் முதலாவதில் பிணைப்பை நடத்துவது வெளிப்படும் வெப்பம். இரண்டாவதில் பெரும்பாலும் என்ட்ரோபி. பிணைப்பு மாறிலி என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து இதை ஒருவராலும் ஊகித்திருக்க முடியாது.

அதனால்தான், கணினியில் மூலக்கூறைப் பொருத்திக் கிடைத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ‘பிணைகிறது’ என்று எழுதும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஊகம், சான்று ஆகாது. இளம் ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பிணைப்பு மாறிலியைச் சொல்லும்போது உப்பின் செறிவையும் வெப்பநிலையையும் டி.என்.ஏ. வரிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெப்ப அளவீட்டைச் செய்து பாருங்கள். உங்கள் ஆய்வகத்தில் கருவி இல்லையென்றால், அது உள்ள ஆய்வகத்தாரை இந்த அரங்கிலேயே அணுகிக் கேளுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வினர் மேடைக்கு வருக.