வதந்தி எங்கே நிற்கிறது?



எனக்குக் கொடுத்தது ஐந்து நிமிஷம். அதனால் ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

1964-இல் டேலி, கெண்டல் என்ற இரு கணித அறிஞர்கள் வதந்திக்கு ஒரு கணித மாதிரி எழுதினார்கள். ஊரை மூன்றாகப் பிரித்தார்கள்: செய்தி தெரியாதவர், பரப்புகிறவர், தெரிந்தும் சும்மா இருப்பவர். பரப்புகிறவர் தெரியாதவரைச் சந்தித்தால், அவரும் பரப்பத் தொடங்குவார். தெரிந்தவரைச் சந்தித்தால், "அட, இது பழைய கதையாச்சே!" என்ற பதில் வரும். சொல்ல வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்வார்.

சமன்பாட்டைத் தீர்த்தால் விடை வியப்பானது. பெரிய ஊரில் ஒருவர் கிளப்பிய வதந்தி, சுமார் 20 சதவீதம் பேரின் காதுக்கு எட்டாமலே ஓய்ந்துவிடும். தொற்றுநோயாளி நாளாக நாளாகத் தானே குணமாவார். வதந்தி பரப்புகிறவரைக் குணமாக்குவது எதிரே நிற்பவரின் பதில்.

கைபேசியில் அந்த எதிர்முகம் இல்லை. நூறு பேர் இருக்கும் குழுவில் செய்தி விழுகிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு அறிவித்தது. அது வேகத்தைக் குறைக்கும். நிறுத்துவது நம் வேலை.

தம்பி தங்கைகளே, "நமக்கென்ன" என்று சும்மா இருந்தால், அனுப்பியவர் அடுத்த குழுவுக்குப் போய்விடுவார். "இது யார் சொன்னது? விசாரிச்சீங்களா?" என்று அவரிடமே கேளுங்க. பெரியப்பாவாக இருந்தாலும் மரியாதையாகக் கேளுங்க. கணக்குப்படி வதந்தி நிற்கிற இடம் அதுதான்.