வழங்கியும் மேசைக்கணினியும்: எது விரைவு?



முதலில் ஒரு சொல் விளக்கம். கைப்பேசியில் நாம் பதிவிறக்கிக்கொள்ளும் மென்பொருளைச் 'செயலி' என்கிறோம். கணினியின் மூளையாகிய சில்லுக்கும் அதே பெயர் நெடுநாளாக உண்டு. குழப்பம் நேராதிருக்க, சில்லை 'நுண்செயலி' என்றே குறிப்பிடுவேன். அதனுள் தனித்துக் கணக்கிட வல்ல பகுதியைக் 'கரு' என்பேன். கடைக்காரர் அதைக் 'கோர்' என்பார். 'சர்வர்' என்பது வழங்கி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கணினி மன்ற மாணவர்கள், காணொளித் தொகுப்புக்கு எதை வாங்கலாம் என என்னைக் கேட்டனர். அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட வழங்கி மலிவாகக் கிடைத்தது. அதில் இரண்டு நுண்செயலிகள், 24 கருக்கள். மன்றத்தின் மேசைக்கணினியில் இருந்தவையோ நான்கே கருக்கள். ஆறு மடங்கு விரைவு கிட்டும் என்று நான் உறுதி கூறினேன். மாணவர்கள் நிதி திரட்டி அதனை வாங்கினார்கள். அது இயங்கத் தொடங்கவே பல நிமிடங்கள் ஆயின. விசிறி இரைச்சலில் அருகிருந்து பேச இயலவில்லை. காட்சிகளை வெட்டி ஒட்டும்போதோ, பழைய மேசைக்கணினியைவிடத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. பிழை இயந்திரத்தினுடையதன்று, என்னுடையது. அப்பிழையின் வேரைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

கழித்துவிட்ட இயந்திரத்தை விடுத்து, நேர்மையான ஓர் ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனம் 'ரைசன் 9 7950எக்ஸ்' என்னும் மேசைக்கணினி நுண்செயலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நவம்பரில் 'எபிக் 9654' என்னும் வழங்கி நுண்செயலியை வெளியிட்டது. இரண்டும் 'ஜென் 4' என்னும் ஒரே வடிவமைப்பின் பிள்ளைகள். எட்டுக் கருக்கள் கொண்ட சிறு சில்லுகளை இணைத்தே இரண்டும் ஆக்கப்பட்டுள்ளன. ரைசனில் இரண்டு, எபிக்கில் பன்னிரண்டு. ஆக, முன்னதில் 16 கருக்கள், பின்னதில் 96.

வேகமோ தலைகீழ். ரைசனின் அடிப்படை வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 5.7. எபிக்கின் அடிப்படை 2.4, உச்சம் 3.7. ஒரே குடும்பத்துக் கரு ஏன் ஓரிடத்தில் ஓடுகிறது, ஓரிடத்தில் நடக்கிறது? விடை மின்சாரத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவு அவ்வழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். எபிக்கிற்கு வகுக்கப்பட்ட வரம்பு 360 வாட். கரு ஒன்றுக்கு 3.75 வாட். ரைசனுக்கு 170 வாட். கரு ஒன்றுக்குப் பத்துக்கும் மேல். 96 கருக்களையும் ரைசனின் வேகத்தில் ஓடவிட்டால் அவ்வெப்பத்தை ஆற்றுவது பெரும்பாடு.

தைப்பூச அன்னதானச் சமையற்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் பேருக்குச் சோறு அங்கே தடையின்றி வரும். ஆனால் தனியொருவர் சென்று 'ஒரு தோசை, உடனே' என்றால், தெருமுனைக் கடையே அவருக்கு நல்லது.

வேலைகள் எல்லாம் பங்கிடத் தக்கவையும் அல்ல. ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். ஒரு வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எல்லாக் கருக்களுக்கும் பிரித்துத் தரலாம், மீதிப் பத்தை ஒரே கருதான் செய்தாக வேண்டும் எனக் கொள்வோம். பிரித்த பங்குக்கு அடிப்படை வேகத்தையும் தனிப்பங்குக்கு உச்ச வேகத்தையும் இட்டுக் கணக்கிட்டேன். பதினாறு கருக்கள் தொண்ணூற்றாறை முந்திவிட்டன. ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு வேறுபாடு. தனிப்பங்கை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தேன். எபிக் ரைசனைப்போல் இரு மடங்குக்கும் மேல் விரைந்தது. இது தாளில் போட்ட கணக்கு. நடைமுறையில் நினைவகமும் வெப்பமும் குறுக்கிடும். மாணவர்கள் வகுப்பறையிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம்; பின்னக் கணக்கு தெரிந்தால் போதும்.

விலையையும் சொல்லியாக வேண்டும். வெளியீட்டின்போது ரைசனுக்கு 699 அமெரிக்க டாலர், எபிக்கிற்கு 11,805. கருக்கள் ஆறு மடங்கு, விலை ஏறத்தாழ பதினேழு மடங்கு! எஞ்சிய பணம் எதற்கு? எபிக்கிற்கு நினைவக வழிகள் பன்னிரண்டு, ரைசனுக்கு இரண்டு. எபிக் ஒன்றோடு 6 டெராபைட் வரை நினைவகம் இணையும். நினைவகத்தில் ஒரு பிட் தானே புரண்டாலும் கண்டறிந்து திருத்தும் ஏற்பாடு வழங்கிகளில் இன்றியமையாதது. இரவும் பகலும் ஓயாது ஓடும் வங்கிக் கணினிக்கு இவை தேவை. காணொளி தொகுக்கும் மாணவனுக்கு அல்ல.

ஆகவே 'எது விரைவு?' என்று எவரேனும் கேட்டால், 'ஒரு வேலை முடியும் நேரமா, ஒரு மணியில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையா?' என்று திருப்பிக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 'ஸ்பெக் சிபியு' அளவுகோலே இவ்விரண்டையும் 'வேகம்', 'வீதம்' எனத் தனித்தனியே அளக்கிறது. நான் அன்று வீதத்தைப் பார்த்து வேகத்திற்கு உறுதி கொடுத்துவிட்டேன்.

அந்த வழங்கி வீண்போகவில்லை. மன்றப் பொறுப்பாசிரியர் அதைப் பொருளறைக்கு மாற்றினார். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் நிரல் எழுதி அனுப்ப, அத்தனையையும் அது அலுங்காமல் இயக்கியது. காணொளிகளை மாணவர்கள் இன்னும் அந்தப் பழைய மேசைக்கணினியில்தான் தொகுக்கிறார்கள்.