கட்டிலுக்கு அடியில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். நான் 2009-இல் இயந்திரவியல் முடித்தவன். மருந்துத் தொழிற்சாலைகளில் 'கிளீன் ரூம்' எனப்படும் தூய்மை அறைகளுக்குக் காற்றோட்டம் அமைப்பது என் வேலை. ஆனால் இன்று நான் பேச வந்தது என் வீட்டுப் படுக்கையறையைச் சுத்தம் செய்த கதை. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். கதையின் நடுவில் சிரிக்க முடியாத இடம் ஒன்று வரும்.

முதலில் நம் விடுதியை நினைத்துப் பாருங்கள். வார்டன் வருகிறார் என்று வராந்தாவில் யாராவது குரல் கொடுத்தால் போதும். அழுக்குத் துணி, பழைய செய்தித்தாள், டிராப்டர், காலி பிஸ்கட் டப்பா எல்லாம் இரண்டே நிமிடத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மேலே போர்வையைத் தொங்கவிட்டால் அறை பளபள. நான்கு வருடத்தில் நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்ட கலை அதுதான். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, சென்னையில் ஃபிளாட்டுக்குக் குடிபோன பிறகும் அந்தக் கலையை நான் விடவில்லை.

எங்கள் வீட்டிலும் போகிக்குச் சுத்தம் செய்வோம். கூடம், சமையலறை, பூஜை அலமாரி எல்லாம் பளிச்சென்று இருக்கும். விருந்தாளி வருகிற இடம் அல்லவா? படுக்கையறைக்கு யார் வருகிறார்கள்? கதவைச் சாத்தினால் முடிந்தது. ஆனால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் நாம் அங்கேதான் மூச்சு விடுகிறோம். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு என்ஜினீயரிங் பட்டம் போதவில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மூன்று வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் திணறுவாள். தூசி ஒவ்வாமை என்றார் டாக்டர். "படுக்கையறையைக் கொஞ்சம் கவனியுங்க சார்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை. பங்குனி முடியப் போகிறது, சித்திரை முதல் நாளுக்குள் அறையைச் சுத்தமாக்கிவிடலாம் என்று ஒரு வேகம். அம்மா ஊருக்குப் போயிருந்தார்கள். மனைவிக்கு அன்று அலுவலகம். குழந்தையைக் கட்டிலில் உட்கார வைத்துப் பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு, ஒட்டடைக் கம்பால் மின்விசிறியைத் தட்டினேன். கட்டிலை நகர்த்தி, ஐந்து வருடத் தூசியைத் துடைப்பத்தால் வாரினேன். மெத்தையை நிமிர்த்தி வைத்துக் கம்பால் அடி அடியென்று அடித்தேன். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூசி புகை மாதிரி சுழன்றது. "அப்பா, மினுமினுன்னு இருக்குப்பா" என்று கைதட்டினாள்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று முறை நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, விடியற்காலையில்தான் மூச்சு சீரானது. "வீட்ல இன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "சுத்தம் செஞ்சேன்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நண்பர்களே, என் தொழிலைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்டு என்ற இயற்பியலாளர் இன்றைய தூய்மை அறையின் அடிப்படையை வகுத்தார். வடிகட்டிய காற்றை ஒரே சீராகப் பாயவிட்டு, துகள்களைக் கலக்காமல் வெளியே கொண்டுபோவது அவர் வழி. ஐ.எஸ்.ஓ. 5-ஆம் வகுப்பு அறையில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட அறைக்குள் ஒருவன் துடைப்பத்தோடு நுழைந்தால் நானே அவனை வெளியே தள்ளியிருப்பேன். வீட்டில் அந்தத் துடைப்பம் என் கையில் இருந்தது.

பிறகு உட்கார்ந்து படித்தேன். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் 'டஸ்ட் மைட்' என்ற தூசிப்பூச்சி என்பதை 1964-இல் நெதர்லாந்தில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் எடுத்துக்காட்டினார்கள். சிலந்திக்குச் சொந்தம், எட்டுக் கால், நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் காய்ந்து செத்துப்போகும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அதற்குக் கவலையே இல்லை. நமக்கு ஒவ்வாதது பெரும்பாலும் அதன் எச்சம். தலையணையில் கிடக்கும் வரை அது காற்றில் அதிகம் ஏறாது. தட்டினால் கிளம்பும். நான் தட்டினேன்.

அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மெத்தைய எங்கடா வச்சுத் தட்டுன?"

"ரூமுக்குள்ளதாம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பங்குனிக் கடைசியில் அம்மா வீட்டை ஒழுங்கு செய்யும்போது எங்களை வெளியே விரட்டிவிடுவார்கள். மெத்தை, தலையணை எல்லாம் வாசலில் வெயிலில் கிடக்கும். தண்ணீர் தெளிக்காமல் தரையில் துடைப்பம் படாது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா முப்பது வருடமாகச் செய்திருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 13, மறுநாள் வருடப் பிறப்பு. இந்த முறை முறையாகச் செய்தோம். தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் குழந்தையை மனைவியோடு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். நான் மாஸ்க் போட்டுக்கொண்டேன். விரிப்பு, தலையணை உறைகளை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, வாஷிங் மெஷினில் 60 டிகிரி சூட்டில் துவைத்தேன். அந்தச் சூட்டில் பூச்சி சாகும், எச்சமும் தண்ணீரோடு போகும். வெயில் மட்டும் போதாது. பூச்சி செத்தாலும் எச்சம் துணியிலேயே இருக்கும்.

மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கைக்கும் பழைய தலையணை உறையைச் சட்டை மாதிரி மாட்டி இழுத்தோம். தூசி உறைக்குள்ளேயே விழுந்தது. பிறகு பரண், அலமாரியின் தலை, ஜன்னல் கம்பி, கொசுவலை எல்லாம் ஈரத்துணியால், மேலிருந்து கீழாக. திரைச்சீலையும் துவைக்கப் போனது. கத்திரி வெயில் தொடங்கினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏ.சி.யில்தான் படுக்கப் போகிறோம் என்பதால், அதன் வலையைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தினேன். அந்த வலை பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும், எச்சரிக்கை.

மெத்தையை மொட்டை மாடிக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் நல்ல வெயிலில் காயப்போட்டு, அங்கேயே தட்டினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதவை. என் விடுதிக்காலத்து டிராப்டர்கூட அதில் இருந்தது! கடைசியாகத் தரையை இரண்டு முறை ஈரமாகத் துடைத்தோம். அறையோடு ஒட்டிய குளியலறையையும் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மகள் தலைக்கு வைத்துப் படுப்பது அம்மா கையால் தைத்த இலவம் பஞ்சுத் தலையணை. ஊரில் எங்கள் கொல்லை மரத்துப் பஞ்சு. சுடுதண்ணீரில் துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும். எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றேன். அம்மாவே அதை எடுத்துக் கையில் எடை பார்ப்பது மாதிரி வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குத் துவைக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா. இதை நான் வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்கள்.

மகளுக்கு இழுப்பு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் சொன்ன இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தக்கூடாது. விரிப்பை வாராவாரம் சுடுநீரில் துவைக்கிறோம். கட்டிலுக்கு அடியில் இப்போது ஒன்றுமே கிடையாது. அன்று முதல் இன்று வரை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. எனக்கு அது போதும்.

விடுதி மாணவர்களே, உங்கள் தலையணை உறையைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பதில் எனக்குத் தெரியும். இன்று மாலை கூட்டம் முடிந்ததும் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். வார்டனுக்காக வேண்டாம். அந்தக் காற்றை மூச்சாக இழுப்பது நீங்கள்தான்.